பழைய கார் ரேடியோ: எந்தக் குமிழை முதலில் தொடுவது, எதைக் கடைசியில் தொடுவது

ஏப்ரல் சீசன் நெருங்கி, நுவரெலியாவுக்குப் பழைய கார்கள் ஏறத் தொடங்கினால் எனக்குத் தொலைபேசி அழைப்புகளும் தொடங்கிவிடும். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, டயல் லைட் எரியுது, ஆனா பாட்டு வரல்ல." போய்ப் பார்த்தால் ரேடியோ நன்றாகத்தான் இருக்கும். கண்ணில் பட்ட குமிழையெல்லாம் திருகி, பட்டன்களையெல்லாம் அழுத்தி, கடைசியில் எது எங்கே இருந்தது என்றே தெரியாமல் வைத்திருப்பார்கள்.

பழைய கார் ரேடியோவில் மொத்தம் இரண்டு குமிழ், அவற்றுக்குப் பின்னால் இரண்டு வளையம், நடுவில் ஐந்தாறு பட்டன், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு திருகாணி. அவ்வளவுதான். ஆனால் ஒன்று சரியான இடத்தில் இல்லாவிட்டால் அடுத்தது என்ன செய்கிறது என்று காது கண்டுபிடிக்காது. அதனால் கீழே சொல்லும் வரிசையை மாற்றாமல் போங்கள். நான் மனதில் வைத்து எழுதுவது மொரிஸ் மைனர், ஒஸ்டின், ஹில்மன், வொக்ஸ்வாகன் பீட்டில், பழைய டட்சன் மாதிரியான கார்களில் இருக்கும் செட்டுகளை.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர், ஒரு டோர்ச், சின்னப் பிளாஸ்டிக் ஸ்குருடிரைவர், நாலைந்து பியூஸ், மீடியம் வேவ் (ஏஎம் என்றும் எழுதியிருக்கும்) எடுக்கும் ஒரு கையடக்க ரேடியோ. கடைசியாகச் சொன்னதைப் பலரும் கொண்டுவர மாட்டார்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் இந்த நேரத்தில் எந்த நிலையம் கேட்கிறது என்பதை அதுதான் சொல்லும். அது இல்லாமல் டயலைத் திருகுவது, கடை திறந்திருக்கிறதா என்று தெரியாமல் கதவைத் தட்டுவது போல.

1. முதலில் பெட்டரியைப் பாருங்கள், ரேடியோவை அல்ல

பொனட்டைத் திறந்து, பெட்டரியின் எந்த முனை காரின் உடம்போடு இணைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அந்த இணைப்புக்குத்தான் எர்த் என்று பெயர். இன்றைய கார்களில் அது மைனஸ். 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்களில் பெரும்பாலும் பிளஸ். மொரிஸ் மைனரும் அப்படித்தான் வந்தது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பக்கத்தில் ஓடும் மைனர்களில் பலவற்றுக்கு டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டிருப்பார்கள். அப்போது எர்த்தையும் மைனஸுக்கு மாற்றியிருப்பார்கள். கார் பழையது என்பதற்காக எர்த்தும் பழையபடிதான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். கண்ணால் பாருங்கள், மீட்டரை வைத்தும் பாருங்கள்.

அப்புறம் ரேடியோவின் மூடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். எத்தனை வோல்ட், எந்த எர்த் என்று அதில் இருக்கும். சில செட்டுகளில் எர்த்தை மாற்றிக்கொள்ள ஒரு சிறிய பிளக்கோ சுவிட்சோ இருக்கும். டிரான்சிஸ்டர் செட்டுக்குப் பிளஸ்ஸும் மைனஸும் மாறிப் போனால் சில நொடிகளில் கதை முடிந்துவிடும். டிரான்சிஸ்டருக்கு முந்திய, கண்ணாடிக் குழாய் வால்வுகளில் ஓடும் வால்வு செட்டுகளில் சில தாங்கும், சில தாங்காது, பரீட்சித்துப் பார்க்காதீர்கள். எனக்குச் சொந்தமான ஒரு நல்ல டிரான்சிஸ்டர் செட் இப்படித்தான் போனது. பொருத்தியவர் எர்த்தைப் பார்க்கவில்லை, நானும் பக்கத்தில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

வோல்ட்டும் அப்படியே. பழைய பீட்டில்கள் 6 வோல்ட்டில் வந்தவை. 6 வோல்ட் செட்டை 12 வோல்ட் காரில் நேரடியாகப் போட முடியாது.

இன்னொன்று: பிளஸ் எர்த் காரில் சிகரெட் லைட்டர் துளைக்குள் இன்றைய போன் சார்ஜரையோ புளூடூத் குச்சியையோ சொருகாதீர்கள். அவை மைனஸ் எர்த்துக்குச் செய்தவை.

2. ஸ்பீக்கர், ஏரியல், பியூஸ்: மூன்றும் இல்லாமல் கரண்ட் வேண்டாம்

ஸ்பீக்கர் இணைக்காமல் செட்டைப் போட்டு "லைட் எரியுதா பார்ப்போம்" என்பது புதிதாக வருபவர்களின் வழக்கம். பழைய செட்டுகளின் வெளியீட்டுப் பகுதி, ஸ்பீக்கர் என்ற சுமை இருக்கும் என்று நம்பிச் செய்யப்பட்டது. சுமை இல்லாமல் சத்தத்தைக் கூட்டினால் வெளியீட்டு டிரான்ஸ்போமரோ டிரான்சிஸ்டரோ கெடலாம். ஸ்பீக்கரின் ஓம் அளவும் தகட்டில் சொன்னதாக இருக்கட்டும்.

ஏரியல் விஷயத்தில் நம் ஊரில் நடக்கும் பெரிய பிழை, டிஷ் அன்டெனா வயர். வீட்டுக்கு வீடு அந்த வயர் சுருள் கிடப்பதால், பழைய ஏரியல் வயர் அறுந்தவுடன் அதை வெட்டி இணைத்துவிடுகிறார்கள். கார் ஏரியல் வயர் வேறு சாதி. அதன் நடுக்கம்பி மயிர் போல மெல்லியது, சுற்றிலும் காற்றுத்தான் அதிகம். மீடியம் வேவில் அந்த ஏரியல் தரும் சக்தி மிகச் சிறியது; தடித்த டிஷ் வயர் அதைப் பாதி வழியிலேயே விழுங்கிவிடும். எஃப்எம் ஓரளவு கேட்கும், மீடியம் வேவ் செத்துக் கிடக்கும். உடனே பழி ரேடியோ மேல் விழும்.

ஏரியலின் அடிப்பாகம் மட்கார்டின் வெறும் இரும்பைத் தொட வேண்டும். பெயின்டுக்கு மேல் இறுக்கியிருந்தால் எர்த் கிடைக்காது. மழையும் பனியும் விடாத ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் அந்த இடம் துருப்பிடித்துப் போவது சாதாரணம். கழற்றி, உரசி, கிறீஸ் தடவி மறுபடி இறுக்குங்கள்.

பியூஸ் ரேடியோவின் சொந்த வயரில் இருக்க வேண்டும். மொரிஸ் மைனர் போன்ற கார்களின் பியூஸ் பெட்டியில் இரண்டு பியூஸ்கள் இருக்கும். ஏ1, ஏ2 என்று எழுதியது சாவி இல்லாமலும் கரண்ட் தரும். ஏ3, ஏ4 சாவி போட்டால்தான் தரும். உங்கள் ரேடியோ எதிலிருந்து எடுக்கிறது என்று பார்த்து வையுங்கள். ஏ4இல் இருந்தால், இன்ஜினை நிறுத்திவிட்டுச் சாவியைப் போட்டுப் பாட்டுக் கேட்கும் பழக்கம் இக்னிஷன் கொயிலைச் சூடாக்கும். ஏ2இல் இருந்தால் அந்தக் கவலை இல்லை, ஆனால் ரேடியோவை மறந்துவிட்டுப் போனால் காலையில் காரைத் தள்ள ஆள் தேட வேண்டும்.

3. இடது குமிழ்: போட்டுவிட்டுப் பொறுங்கள்

இடது பக்கக் குமிழ் சுவிட்சும் சத்தமும். வலப்பக்கம் திருகினால் ஒரு 'டிக்'. அதுதான் சுவிட்ச். சில செட்டுகளில் இழுத்தால் போடும், தள்ளினால் நிறுத்தும். சத்தத்தைக் கால்வாசிக்கு மட்டும் வைத்துவிட்டுக் கையை எடுங்கள்.

வால்வு செட் என்றால் 20, 30 விநாடி பொறுக்க வேண்டும். வால்வுக்குள் இருக்கும் இழை சூடேறிய பிறகுதான் வேலை தொடங்கும். பழைய வால்வு செட்டுகளில் போட்ட உடனே 'ம்ம்ம்' என்று ஒரு முணுமுணுப்புக் கேட்கும். அது வைப்ரேட்டர். பெட்டரியின் நேர் மின்சாரத்தை வெட்டி வெட்டி, வால்வுக்கு வேண்டிய உயர்ந்த வோல்ட்டை உண்டாக்க உதவும் பாகம். அந்தச் சத்தம் நல்ல செய்தி. அது கேட்காமல் டயல் லைட் மட்டும் எரிந்தால் வைப்ரேட்டர் ஒட்டிக்கொண்டிருக்கலாம். நிறுத்திவிடுங்கள்.

நான் இந்த வேலையைத் தொடங்கிய காலத்தில், பத்து விநாடி பார்த்துவிட்டு "செத்துப் போச்சு" என்று முடிவு கட்டி, வயர் முழுவதையும் உருவி மறுபடி போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போனது. மாலையில் மனம் வெறுத்துச் சுவிட்சைப் போட்டபடியே விட்டுவிட்டு எழுந்தபோது உள்ளேயிருந்து செய்தி வாசிக்கிறார்கள்.

டிரான்சிஸ்டர் செட் உடனே இரையும். டயலில் வால்வு படமோ, பின்பக்கத்தில் தடித்த பெட்டியோ இருக்கும் என்று தேட வேண்டாம்; பொறுத்துப் பார்ப்பதே போதும்.

பியூஸ் போனால் இன்னொன்றை ஒரே ஒரு தடவை போடுங்கள். அதுவும் போனால் நிறுத்துங்கள். சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றிப் போடும் வித்தை தெரிந்த ஆட்கள் எல்லாக் கராஜிலும் ஒருவர் இருப்பார். அவரைப் பக்கத்தில் சேர்க்காதீர்கள். ஆண்டுக்கணக்கில் கரண்ட் காணாத செட்டில் கெபாசிட்டர்கள் கெட்டிருக்கும். பியூஸ் அதைத்தான் சொல்கிறது.

சத்தக் குமிழைத் திருகும்போது கரகரவென்றால் பயம் வேண்டாம். ஈரமும் தூசியும் சேர்ந்த வேலை. கரண்டை நிறுத்திவிட்டு இருபது தடவை முழுதாக இரண்டு பக்கமும் திருகுங்கள். போகாவிட்டால் கொன்டாக்ட் கிளீனர் சொட்டு விடலாம். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதுவும் ஆகாது.

4. குமிழுக்குப் பின்னால் இருக்கும் வளையம்

இடது குமிழுக்குப் பின்னால் ஒரு வளையமோ சின்ன நெம்போ இருக்கும். அது டோன். அது பெரிதாக எதையும் கூட்டுவதில்லை. கூர்மையான சத்தத்தை வெட்டுகிறது, அவ்வளவுதான். ஒரு பக்கம் முழுதாகத் திருகினால் குரல் கம்பளிக்குள் இருந்து வருவது போல இருக்கும்.

இந்த இடத்தில் அதைக் கூர்மையான பக்கமே வைத்துவிடுங்கள். நிலையம் தேடும்போது இரைச்சலின் மாற்றம் தெளிவாகக் கேட்க வேண்டும். எல்லாம் முடிந்து பாட்டுக் கேட்கும்போது மழுக்கிக்கொள்ளலாம்.

வலது குமிழுக்குப் பின்னாலும் வளையம் இருந்தால் அது செட்டுக்குச் செட்டு மாறும். சிலவற்றில் அலைவரிசையை மாற்றும். சிலவற்றில் முன், பின் ஸ்பீக்கர்களுக்கு இடையே சத்தத்தைப் பிரிக்கும். பின் ஸ்பீக்கர் இல்லாத காரில் இந்த வளையம் பின்பக்கம் போய்விட்டால் பாட்டு ஒன்றும் கேட்காது. நல்ல ரேடியோவைக் கழற்றவைக்கும் வளையம் இது. நடுவில் வையுங்கள்.

5. அலைவரிசைப் பட்டன்: புதியவர்கள் அதிகம் தடுக்கும் இடம்

ஐரோப்பாவிலிருந்து வந்த செட்டுகளில் மீடியம் வேவ், லோங் வேவ் என்று இரண்டு இருக்கும். மீடியம் வேவுக்கு ஆங்கில எம், லோங் வேவுக்கு எல். ஜெர்மன் செட்டில் கே என்றால் ஷோர்ட் வேவ், யூ என்றால் எஃப்எம்.

லோங் வேவ் நமக்கு ஒன்றுக்கும் உதவாது. அந்த அலைவரிசையில் ஒலிபரப்பு என்பது ஐரோப்பா, வட ஆபிரிக்கா போன்ற பகுதிகளின் விஷயம். நம் பக்கத்தில் அது ஒலிபரப்புக்கு ஒதுக்கப்படவே இல்லை. எல் அழுத்தியிருந்தால் உலகம் முடியும் வரை இரைச்சல்தான்.

பண்டாரவளையிலிருந்து ஒரு தம்பி ஒஸ்டின் ஒன்றைக் கொண்டுவந்து, "மூணு பேருக்கிட்ட காட்டிட்டேன் அண்ணே, எல்லாரும் உள்ளுக்குள்ள ஏதோ எரிஞ்சிருக்குன்னு சொல்றாங்க" என்றார். நான் எம் பட்டனை அழுத்தினேன். பாட்டு வந்தது. கூலி வாங்க மனம் வரவில்லை.

எஃப்எம் உள்ள செட்டில் டயல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று படியுங்கள். பழைய ஜெர்மன் செட்டுகளில் 104இலேயே முடிந்துவிடும். நம் நாட்டு நிலையங்கள் 108 வரை பரவியிருக்கின்றன. மேலே இருப்பவை கிடைக்காது, அது பழுதல்ல.

ஜப்பான் செட் வேறு கதை. பழைய ஜப்பான் செட்டுகளின் எஃப்எம் டயல் 76இலிருந்து 90 வரை. ரீகண்டிஷன் வான் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி நன்றாகத் தெரியும். 88க்கும் 90க்கும் இடையில் உள்ள ஓரிரு நிலையங்கள் மட்டும்தான் விழும். பழைய டட்சன்களில் பல, எஃப்எம்மே இல்லாமல் ஏஎம் மட்டும் உள்ளவை. அங்கே ஏஎம் என்று எழுதியிருப்பதும் மீடியம் வேவ்தான்.

லோக்கல், டிஎக்ஸ் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் டிஎக்ஸில் வையுங்கள். லோக்கல் என்பது ஒலிபரப்புக் கோபுரத்துக்குப் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு, உணர்திறனைக் குறைத்துவிடும். மலைக்குள் இருக்கும் நமக்கு இருக்கும் கொஞ்சத்தையும் இழப்பானேன்? அமெரிக்கச் செட்டுகளில் இதையே டவுன், கன்ட்ரி என்று எழுதியிருப்பார்கள். நமக்கு கன்ட்ரி.

6. வலது குமிழும், டயலில் உள்ள எண்களும்

இப்போதுதான் டியூனிங் குமிழ். மெதுவாக, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு. முள் நகர்கிறதா என்று முதலில் பாருங்கள். குமிழ் சுற்றுகிறது, முள் நகரவில்லை என்றால் நூலோ கிளட்சோ வழுக்குகிறது. நுவரெலியாவில் ஜனவரிக் காலையில் பழைய கிறீஸ் மெழுகாக இறுகி இருக்கும், குமிழ் திருகவே மறுக்கும். பலம் காட்டாதீர்கள். கார் கொஞ்சம் வெயிலில் நிற்கட்டும்.

டயலின் எண்கள் மூன்று விதமாக இருக்கும். பிரிட்டிஷ் செட்டில் மீட்டர்: 200இலிருந்து 550 வரை. அமெரிக்கச் செட்டில் கடைசிப் பூச்சியத்தை விட்டு 54, 60, 80, 100, 160 என்று எழுதியிருப்பார்கள். 54 என்றால் 540 கிலோஹெர்ட்ஸ். பிந்திய செட்டுகளில் முழு கிலோஹெர்ட்ஸ்.

மீட்டரை கிலோஹெர்ட்ஸாக மாற்ற, 300000ஐ மீட்டரால் வகுத்தால் போதும். திருப்பிச் செய்தால் மீட்டர் வரும். தூத்துக்குடி வானொலிக்குரிய 1053 கிலோஹெர்ட்ஸை எடுங்கள்: 300000ஐ 1053ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 285. மீட்டர் டயலில் முள்ளை 285இல் வைத்து அக்கம்பக்கம் தேட வேண்டும். திருச்சியின் 936 என்றால் 320க்குப் பக்கத்தில்.

மீட்டர் கூடினால் கிலோஹெர்ட்ஸ் குறையும் என்பதை மறந்துவிடாதீர்கள். "1053 தேடுறேன், டயல் 550ஓட முடியுது" என்று வந்தவர்களும் உண்டு.

கையடக்க ரேடியோவை இப்போது எடுங்கள். காருக்கு வெளியே பிடித்து, நன்றாகக் கேட்கும் ஒரு நிலையத்தைக் கண்டுபிடித்து, அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு கார் ரேடியோவில் தேடுங்கள். காருக்குள் வைத்துப் பார்க்காதீர்கள். இரும்புக் கூட்டுக்குள் அதன் உள் ஏரியல் குருடாகிவிடும்.

நிலையத்தில் நிற்கும்போது முள்ளை அதன் நடுவில் நிறுத்த வேண்டும். சத்தம் அதிகமாக இருக்கும் இடம் நடு என்று நினைப்பது தவறு. குரல் மிக ஆழமாகவும் 'ஸ்' ஓசை உரசாமலும் கேட்கும் இடமே நடு. ஓரத்தில் நின்றால் குரல் கீச்சென்று பிளந்து கேட்கும்.

பகலில் இரண்டு நிலையம்கூடக் கிடைக்கவில்லை என்றால் மாலை ஆறரைக்குப் பிறகு மறுபடி பாருங்கள். பகலில் வானத்தின் கீழ் அயனி அடுக்கு மீடியம் வேவை உறிஞ்சிவிடும். இருட்டியதும் அந்த அடுக்கு மறைந்து, மேல் அடுக்கில் அலை பட்டுத் திரும்பி வரும். நடுப்பகலில் ஊமையாக இருந்த ரேடியோ இரவில் பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்து பேசும்.

7. ஒளிந்திருக்கும் திருகாணி: ஏரியல் டிரிம்மர்

இந்த ஒரு படியைச் செய்யாததால்தான் "பழைய ரேடியோன்னா இப்படித்தான்" என்று பலர் மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். ஏரியல் சொருகும் துளைக்குப் பக்கத்திலோ, செட்டின் அடியிலோ, டியூனிங் குமிழைக் கழற்றினால் அதற்குப் பின்னாலோ ஒரு சிறு துளையும் உள்ளே ஒரு திருகாணியும் இருக்கும். ஏரியலையும் அதன் வயரையும் செட்டோடு ஒத்துப்போக வைப்பது அது. ஏரியலை மாற்றினால், வயரை மாற்றினால், ரேடியோவை வேறு காருக்குக் கொண்டுபோனால், ஒவ்வொரு தடவையும் இதைத் திருத்த வேண்டும்.

ஏரியலை முழுதாக இழுத்து விடுங்கள். டயலின் 1400 கிலோஹெர்ட்ஸ் பக்கம், அதாவது 214 மீட்டரை ஒட்டி, மிக மெல்லியதாகக் கேட்கும் ஒரு நிலையத்தைப் பிடியுங்கள். நிலையம் கிடைக்கவில்லை என்றால் வெறும் இரைச்சலே போதும். சத்தத்தை நன்றாகக் கூட்டுங்கள். பிளாஸ்டிக் ஸ்குருடிரைவரால் திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருகி, சத்தம் உச்சத்துக்கு வரும் இடத்தில் விடுங்கள்.

பலமான நிலையத்தை வைத்து இதைச் செய்தால் ஏமாந்து போவீர்கள். செட்டுக்குள் சத்தத்தைத் தானாகச் சமப்படுத்தும் ஏற்பாடு இருக்கிறது. பலமான அலை வந்தால் அது பின்னுக்கு இழுக்கும், நீங்கள் திருகினாலும் ஒரு மாற்றமும் தெரியாது. மெல்லிய நிலையத்தில்தான் உண்மை வெளிப்படும்.

உச்சம் என்ற ஒன்றே வராமல், ஒரு கோடி வரை சத்தம் கூடிக்கொண்டே போனால் ஏரியலோ வயரோ பொருத்தமில்லாதது. மறுபடி இரண்டாவது படிக்குப் போங்கள். அனேகமாக டிஷ் வயர்தான், அல்லது கூரையில் பொருத்தும் அந்த ரப்பர் குட்டை ஏரியல். டிரிம்மர் எஃப்எம்முக்கு இல்லை. மீடியம் வேவில் வைத்துத்தான் செய்ய வேண்டும்.

8. ஐந்து பட்டன்களில் நிலையங்களைப் பதிப்பது

இது கம்ப்யூட்டர் நினைவு இல்லை, முழுக்க முழுக்க இரும்பு. பட்டனுக்குப் பின்னால் ஒரு தகடு இருக்கிறது. பட்டனை அழுத்தும்போது அந்தத் தகடு டியூனிங் பகுதியைத் தள்ளி, பதித்த இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்தும். அதனால்தான் கரண்ட் இல்லாவிட்டாலும் பட்டனை அழுத்தினால் முள் ஓடும்.

பதிக்கும் முறை: நிலையத்தைக் கையால் பிடித்து நடுவில் நிறுத்துங்கள். பட்டனை நேராக வெளியே இழுங்கள். ஒரு பூட்டுத் திறப்பது கையில் தெரியும். முள் நகர்ந்திருந்தால் மறுபடி சரிசெய்யுங்கள். பிறகு பட்டனைத் தயங்காமல், ஒரே தள்ளலில், அடி வரை தள்ளுங்கள். அந்த அழுத்தத்தில்தான் தகடு பூட்டிக்கொள்கிறது. மெதுவாக, பயந்து பயந்து தள்ளினால் அரைகுறையாகப் பூட்டும். அடுத்த குழியில் கார் இறங்கியதும் நிலையம் விலகிவிடும். நம் தோட்டப் பாதைகளில் அடுத்த குழி தூரத்திலா இருக்கிறது?

பதித்ததும் முள்ளை வேறு இடத்துக்குக் கொண்டுபோய், பட்டனை அழுத்திச் சோதியுங்கள். கொஞ்சம் ஓரமாக வந்து நின்றால் திரும்பச் செய்யுங்கள். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டி வரும், அது இயல்பு.

டிரிம்மருக்குப் பிறகுதான் இந்த வேலை என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஏரியல் ஒத்துப்போகாத செட்டில் மெல்லிய நிலையத்தின் நடு எது என்று காதுக்குத் தெரியாது. ஓரத்தில் நின்று ஐந்தையும் பதித்துவிட்டு, பிறகு டிரிம்மரைத் திருத்தினால் ஐந்தையும் மறுபடி பதிக்க வேண்டும்.

இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தாதீர்கள். பட்டன் உள்ளே இருக்கும்போது டியூனிங் குமிழைத் திருகாதீர்கள். சில செட்டுகளில் ஐந்தில் ஒன்று லோங் வேவுக்கே ஒதுக்கப்பட்டது. அதை அழுத்தினால் அலைவரிசையும் சேர்ந்து மாறிவிடும். குழந்தைகள் கைபடும் காரில் ரேடியோ 'திடீரென்று செத்துப்போவது' பெரும்பாலும் இப்படித்தான்.

9. இனி இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுங்கள்

இதுவரை இன்ஜின் ஓடக்கூடாது. இரைச்சல் ரேடியோவிலிருந்தா, காரிலிருந்தா என்று பிரித்தறிய வேறு வழி இல்லை.

நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, ஸ்டார்ட் பண்ணி, ஆக்ஸிலேட்டரை மெல்ல மிதியுங்கள். 'டட் டட் டட்' என்று இன்ஜின் வேகத்தோடு கூடினால் பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர். 'ங்ஙீ' என்று ஏறி இறங்கும் சிணுங்கல் என்றால் டைனமோ. இன்ஜின் வேகத்தோடு சம்பந்தமில்லாமல், குலுங்கும்போது மட்டும் வெடித்தால் ஏரியலின் அடி தளர்ந்திருக்கிறது.

பிளக் இரைச்சலுக்குச் செம்புக்கம்பி வயரை மாற்றி, தடை உள்ள வயர் போடலாம். கொயிலுக்கும் டைனமோவுக்கும் 1 மைக்ரோபாரட் கெபாசிட்டர் பொருத்துவது பழைய, நல்ல வழி. ஆனால் எந்த முனையில் என்பதில் தவறக்கூடாது. கொயிலில் சாவியிலிருந்து வயர் வரும் முனை, பழைய லூகாஸ் கொயிலில் எஸ்டபிள்யூ என்று எழுதியது. சிபி என்று எழுதிய முனையில் போட்டால் இன்ஜின் தடுமாறும். டைனமோவில் பெரிய முனை, டி என்று எழுதியது. சிறிய எஃப் முனையில் ஒருபோதும் போடாதீர்கள், ரெகுலேட்டரின் கொன்டாக்ட்டுகள் கெடும்.

10. மலைப்பாதையில் ஓட்டும்போது

கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும்போது ஒரு வளைவில் கேட்கும், அடுத்த வளைவில் மறையும். எஃப்எம் கோபுரத்தைக் கண்ணால் பார்ப்பது போல நேராக வர வேண்டியது. நடுவில் மலை வந்தால் அறுந்துவிடும். மீடியம் வேவ் மலையைக் கொஞ்சம் சுற்றி வரும், ஆனால் ரம்பொடைச் சுரங்கப் பாதைக்குள் அதுவும் போய்விடும். ஒவ்வொரு வளைவிலும் டியூனிங்கைத் திருகாதீர்கள். விட்டுவிடுங்கள், திரும்ப வரும்.

மார்ச், ஏப்ரல் பின்னேரங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி முழங்கும் காலம். மீடியம் வேவில் ஒவ்வொரு மின்னலும் 'கிரக்' என்று கேட்கும். அந்த நேரம் டோன் வளையத்தை மழுக்குவது தவிர செய்வதற்கு ஒன்றுமில்லை. காரை நிறுத்தி வைத்திருந்தால் ஏரியலை இறக்கிவிடுங்கள்.

கடைசியாகப் பெட்டரி. டைனமோ உள்ள கார் மூடுபனியில் ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டு, வரிசையில் ஊர்ந்து ஏறினால் டைனமோ போதிய கரண்ட் தராது. வால்வு செட் அதன் மேல் இன்னும் சில அம்பியரை இழுக்கும். டேஷ்போர்டில் சிவப்பு லைட் மினுங்கத் தொடங்கினால் முதலில் நிறுத்த வேண்டியது ரேடியோவை. நானுஓயாவில் மூடுபனி விலகியதும் போட்டுக்கொள்ளலாம். வால்வு செட் என்றால் அப்போதும் அரை நிமிடம் பொறுக்க வேண்டும்.